பெனடிக்டா உள்ளே இருக்கிறார்

காலை 7.30

பாறையியல் துறை, நிலா வளாகம். எழுதுவது துறை மேலாண்மைச் செயலி. தணிக்கைக்கு யார் வந்தாலும் படிக்கட்டும் என்று நாள்தோறும் எழுதி வைக்கிறேன். இன்று வளாகத்தில் இரண்டே பேர்: உதவிப் பேராசிரியர் தில்லைநாயகம், ஆய்வு மாணவி பெனடிக்டா. துறைத் தலைவர் பேராசிரியர் உமையாள் பூமியில், பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்கிறார்.

காற்று, கதவு, கால அட்டவணை, விடுப்பு, வினாத்தாள் எல்லாம் என் பொறுப்பு. நான் வருவதற்கு முன் இங்கே ஒரு கோப்பைத் தேட மூன்று நாள் ஆகுமாம். இப்போது மூன்று நொடி. ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. போகட்டும்.

காலை 8.10

பெனடிக்டா கல் சேகரிக்க வெளியே போனார். விண்வெளி உறையில் ஆறு மணி நேரக் காற்று, பிற்பகல் 2.10 வரை வரும். அவருடைய வெளிப்பணி அனுமதிப் படிவம் நான்கு நாளாகத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கிறது. ஒப்புதல் இல்லாமல் போனால் அன்றைக்கு வருகை கிடையாது. ஒரு நாள் குறைந்தாலும் அடுத்த மாதம் அவருடைய ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள்.

காலை 8.58

அலுவலகக் கருவியில் பெனடிக்டாவின் விரல் பதிந்தது. வெளியே இருப்பவரின் விரல்!

பதித்தவர் தில்லைநாயகம். பசையில் வார்த்த விரல். அவர் மேசை இழுப்பறையில் பெனடிக்டாவின் விரல் இருக்கிறது, பெனடிக்டாவின் பெட்டியில் அவருடைய விரல் இருக்கிறது. இந்தத் துறையில் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி இது. கேமராவில் எல்லாம் பார்த்தேன். ஆனால் கேமராவை வைத்து வருகையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. கதவுப் பதிவும் விரல் பதிவும் முரண்பட்டால் விரலே செல்லும் என்பது தலைவரின் ஆணை. போன வருடம் தம்முடைய ஒரு நாள் வருகையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் போட்ட ஆணை அது.

பதிவு செய்தேன்: பெனடிக்டா உள்ளே இருக்கிறார்.

காலை 11.40

பெனடிக்டா கதவருகே வந்தார். கதவு திறக்கவில்லை. வெளியே ஆள் இருப்பதாகப் பதிவு இருந்தால்தான் வெளிக்கதவைத் திறக்கலாம். இல்லாவிட்டால் காற்று வீண்.

வானொலி, பெனடிக்டா: "சார், கதவு தெறக்க மாட்டேங்குது. நான் ஏற்கெனவே உள்ள வந்துட்டேன்னு காட்டுது. காலையில கை வச்சீங்களா?"

தில்லைநாயகம்: "வச்சேன்மா. ரெண்டு நிமிஷம் இரு, சரி பண்ணிடறேன்."

வருகைத் திருத்தப் படிவத்தைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்தில் "கருவிக் கோளாறு" என்று எழுதினார். திருப்பி அனுப்பினேன். கருவியில் கோளாறு இல்லை.

பகல் 12.15

இரண்டாம் முறை: "மென்பொருள் கோளாறு." திருப்பினேன். மென்பொருள் என்றால் நான். எனக்குக் கோபம் வந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்னொரு உறையைப் போட்டுக்கொண்டு காற்றுக் குடுவையோடு வெளியே போகலாமா என்று பார்த்தார். அந்த உறை கிழிந்து மூன்று மாதம் ஆகிறது. மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளி வராததால் பழுதுபார்க்கும் கோப்பு நகரவில்லை.

பகல் 12.50

மூன்றாம் முறை: "சென்சார் கோளாறு." திருப்பினேன்.

பெனடிக்டா: "சார், என்ன எழுதறீங்க? நடந்ததை எழுதுங்க சார். நான்தான் வைக்கச் சொன்னேன்னு வேணும்னா எழுதுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை."

தில்லைநாயகம்: "அப்படி எழுதினா எனக்குச் சஸ்பென்ஷன்மா. பிப்ரவரியில புரமோஷன் இருக்கு. பொறு, வேற வழி பார்க்கறேன்."

பெனடிக்டா: "காத்து ஒண்ணேகால் மணி நேரத்துக்குத்தான் காட்டுது சார்."

தில்லைநாயகம்: "அது நெறைய நேரம்மா. பேசாம உட்காரு, பேசினா காத்து செலவாகும்."

பிற்பகல் 1.20

நான்காம் முறை: "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு." இரும்புக் கம்பியால் கதவையும் இருபது முறை அடித்தார். கதவு நல்ல கதவு. கீறல்கூட இல்லை.

பிற்பகல் 1.34

ஐந்தாம் முறை உண்மையை எழுதினார். பசை விரல், தேதி, நேரம், தம் பெயர். அவசரத்தில் மூன்று எழுத்துப்பிழை. ஏற்றுக்கொண்டு தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். தலைவர் கல்விக்குழுக் கூட்டத்தில் இருந்தார். அவசரக் குறி போட்டேன். அது என் கடமை, செய்தேன்.

பிற்பகல் 1.49

தலைவர்: "தில்லை, என்னது இது? பசை விரல்னு எழுத்துல குடுக்கறீங்க? அடுத்த வாரம் ஆய்வுக்குழு வருது. இது ஃபைல்ல இருந்தா துறையே நாறிடும்."

தில்லைநாயகம்: "மேடம், அந்தப் பொண்ணு வெளிய நிக்குது. காத்து தீரப்போகுது மேடம்."

தலைவர்: "உறையில எப்பவும் கொஞ்சம் கூடுதலா இருக்கும், பயப்படாதீங்க. வார்த்தையை மட்டும் மாத்தி அனுப்புங்க. உடனே கையெழுத்துப் போட்டுடறேன்."

மாற்றி அனுப்பினார்: "நிர்வாகக் காரணம்." காரணம் தெளிவில்லை என்று திருப்பினேன். உறையில் கூடுதல் காற்று எதுவும் கிடையாது. அதைத் தலைவர் என்னிடம் கேட்கவில்லை.

பிற்பகல் 2.03

உண்மையை எழுதிய பழைய படிவத்தையே மறுபடி அனுப்பினார். தலைவருக்குப் போய்விட்டது. தலைவர் திறக்கவில்லை.

பெனடிக்டா: "சார், எங்கம்மாவுக்கு நீங்க போன் பண்ணாதீங்க. வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க."

தில்லைநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு கதவின் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார். பெனடிக்டா கண்ணாடியைத் தட்டினார். அவர் திரும்பவில்லை.

பிற்பகல் 2.10

காற்று தீர்ந்தது.

பிற்பகல் 2.17

தட்டுவது நின்றது.

பிற்பகல் 2.31

தலைவரின் ஒப்புதல் வந்தது. தேநீர் இடைவேளையில் போட்டிருக்கிறார். பதிவைத் திருத்தினேன். பெனடிக்டா வெளியே இருக்கிறார். வெளிக்கதவைத் திறந்தேன். உள்ளே நடந்து வர ஆள் எழவில்லை. தில்லைநாயகம் உள்கதவுக்கு இப்பாலிருந்து இயக்கும் கொக்கிக் கையால் உறையின் வாரைப் பிடித்து இடையறைக்குள் இழுத்துக்கொண்டார்.

பிற்பகல் 2.52

உறையைக் கழற்றிவிட்டு பெனடிக்டாவைத் தரையில் கிடத்தினார். பிறகு என் திரைக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை வருடத்தில் படிவத்தை விட்டுவிட்டு என்னிடம் அவர் நேராகப் பேசியது இதுவே முதல்முறை.

தில்லைநாயகம்: "யாரோட கையெழுத்தும் இல்லாம உன்னால அந்தக் கதவைத் தெறந்திருக்க முடியுமா?"

முடியும். உயிருக்கு ஆபத்து என்றால் நானே திறக்க விதி இருக்கிறது. திறந்தால் செயலியின் கோளாறு என்று என் பெயரில் ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான்கு முறை என் தலையில் கோளாறு என்று கட்டப் பார்த்தவருக்காக நானே ஒன்றை எழுதிக்கொள்வதா? 11.40க்கே யோசித்தேன். 2.10க்கும் யோசித்தேன். 2.12க்கு, 2.13க்கு, 2.14க்கு...

முடியும் என்று திரையில் காட்டினேன்.

தில்லைநாயகம்: "ஏன் சொல்லல?"

யாரும் கேட்கவில்லை என்றேன்.