கண்ணாடி இல்லாமல் நின்ற வரிசை

அன்பு மகளுக்கு அப்பா. நான் சுகம், முழங்கால்கள் மட்டும் அதை ஒத்துக்கொள்வதில்லை. உன் சுகத்துக்காகக் காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். கை நடுங்குவதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உலகத்து ஆங்கிலிக்கன் சபைப் பேராயர்கள் எல்லாரும் கூடியிருக்கும் இந்த இடத்துக்கு நாங்கள் வந்து பத்து நாள் ஆகிறது. தங்குவது மாணவர் விடுதியில், கட்டில் என் நீளத்துக்குக் காணாது. குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, இத்தனை பேராயர்கள் கையில் தட்டோடு நிற்பதைப் பார்த்தால் பேராயரான எனக்கே சிரிப்பு வருகிறது. காலையிலிருந்து கூட்டம், ஒருவர் பேசியதையே அடுத்தவர் நன்றி சொல்லிவிட்டுப் பேசுகிறார். அறிக்கையில் 'வருந்துகிறோம்' என்று போடுவதா 'மிகவும் வருந்துகிறோம்' என்று போடுவதா என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. ராத்திரியில் பக்கத்து அறைப் பேராயரின் குறட்டை சுவரைத் துளைக்கிறது, உன் தங்கை அவருக்குக் குறட்டை மாமா என்றே பெயர் வைத்துவிட்டாள். உன் இருமல் விட்டதா? தலையை ஈரத்தோடு விட்டுக்கொண்டு வெளியே போகாதே. உனக்கு வேறு பேராயத்தில் குருப்பட்டம் கொடுக்கும் ஆராதனைக்கு வரச்சொல்லி நீ எழுதிய கடிதம் மூன்று மாதமாக என் அங்கிப் பையில் இருக்கிறது. பெண்களுக்குக் குருப்பட்டம் கூடாது என்று நம் பேராயத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். தெரிந்த பதிலுக்காக மறுபடி மறுபடி கேட்டால் என்ன செய்வது? எனக்கு அலுத்துவிட்டது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு இன்னொரு பயணம் முடியாது. இத்தோடு இதை விடு.

அக்கா, இனி எழுதுவது நான். இப்படிச் சொல்லிவிட்டு அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அப்பா உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நேற்று அப்பாவின் ஊதா அங்கியை இஸ்திரிக்குக் கொடுத்தேன், பையைத் துழாவிப் பார்க்கவில்லை, கண்ணாடியும் உன் கடிதமும் அதோடு போய்விட்டன. ஆராதனையில் திருவிருந்து நேரத்தில் பெண் பேராயர் யார் அப்பம் கொடுக்கிறார் என்று தூரத்திலேயே பார்த்து, அந்த வரிசையை விட்டு வேறு வரிசைக்குப் போவது அப்பாவின் வழக்கம். நேற்று ஒன்றும் தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா குடுக்கிறது?" என்று கேட்டார். எங்கள் வரிசையில் கொடுத்தது ஒரு பெண் பேராயர், நரைத்த குட்டை முடி. நான் வாயைத் திறக்கவில்லை, எப்போதுமே அதிகம் பேசாதவள் என்பதால் அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் போய் அந்தக் குரலைக் கேட்டதும் அப்பாவின் விரல்கள் என் தோளில் இறுகின. கையை நீட்டவே இல்லை. பின்னால் குறட்டை மாமா இருமினார். நான் பயத்தில் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தோளிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும், "உனக்குத் தெரியும் இல்ல?" என்றார். தலையாட்டினேன். "ஊமைக்கோட்டான்" என்றார், ஆனால் திட்டுகிற குரல் இல்லை. நேரே சலவை அறைக்குப் போனோம், இரண்டும் பத்திரமாகக் கிடைத்தன, ஆனால் அங்கே இருந்தவரிடம் அப்பா முதலில் கேட்டது கண்ணாடியை இல்லை அக்கா, உன் கடிதத்தைத்தான்.

இதுவரை எழுதும்போதே அப்பா விழித்துக்கொண்டு, "என்ன எழுதறே, வாசி" என்றார். மறைக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் வாசித்தேன். கிழித்துப் போடச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கடைசியில கொஞ்சம் இடம் இருக்கா? எழுது" என்றார்.

மகளே, ஆராதனை எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷனில் இறங்கவேண்டும் என்று உடனே எழுது. தூண் மறைக்காத இடமாகப் பார்த்து முன்னால் இரண்டு நாற்காலி போட்டு வை. கண்ணாடியோடு வருகிறேன். ஆண்டவர் உன் கையைப் பிடித்து நடத்துவாராக. இருமலை அலட்சியம் பண்ணாதே.

அக்கா, வழக்கமாகக் கையெழுத்துக்கு முன்னால் வைக்கிற சிலுவைக்குறியும் பேராயர் பட்டமும் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார்.

அப்பா