லிட்டர் வெயிட்டா, ஈரமா?

மச்சான், இன்று காலை கிடங்கில் புது மிளகு வந்திறங்கியது. சாக்கைப் பிரித்ததும் நெடி மூக்கில் ஏறி, அடுக்கடுக்காய்த் தும்மினேன். "சரக்கு ஒரிஜினல்டா!" என்று கத்த நீ இல்லை. உன் நாற்காலியைப் பார்த்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

லிட்டர் படியில் மிளகை நிரப்பி நிறுத்தேன். இந்த லிட்டர் வெயிட் கூடினால் மணி நன்றாக முற்றியிருக்கிறது, நல்ல விலை போகும். ஈரம் கூடினாலோ பூஞ்சை பிடித்துவிடும், சரக்கு திரும்பி வரும். மட்டாஞ்சேரியில் நம் இருவர் பிழைப்பும் இந்த இரண்டு எண்களில்தானே ஓடியது!

அதனால்தான் எறணாகுளம் ஆஸ்பத்திரியிலும் அப்படிக் கேட்டாய். உன் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. நீயோ ஓயாமல் பீடி குடித்தவன். புற்றுநோயாக இருக்குமோ என்று எல்லோருக்கும் பயம், வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. முதுகில் ஊசி போட்டு அந்த நீரை எடுத்துச் சோதித்தார்கள். அதில் ஏடிஏ என்ற நொதி மிகக் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்தது. நீ டாக்டரம்மாவிடம், "இது லிட்டர் வெயிட்டா, ஈரமா? கூடினா நல்லதா, கெட்டதா?" என்றாய்.

அவர் விழித்தார். நான் விளக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"லிட்டர் வெயிட் தன்னே, சேட்டா! டிபியோட உடம்பு சண்டை போடும்போது இது இப்படிக் கூடும். கேன்சர் அணு ஒண்ணும் காணல. ஆறு மாசம் மருந்தை முடக்காம சாப்பிட்டா சுகமாயிடும்."

டிபி என்று கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட ஒரே குடும்பம் உன்னுடையதாகத்தான் இருக்கும். வருகிற வழியிலேயே குஜராத்தித் தெருவில் ஜிலேபி வாங்க வைத்தாய். "நீ தொடாதே, நான் கொடுக்கிறேன்" என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடைச் சேட்டன் கையை நீட்டி, "என்ன விசேஷம்?" என்றார்.

"எனக்கு டிபி!" என்றாய், மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு. அவர் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அதன்பின் எத்தனையோ நல்ல வருஷங்கள் நாம் சேர்ந்து தும்மினோம். போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாய். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் எந்த எண்ணைக் கண்டாலும், பயப்படுவதற்கு முன் உன் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது, பிரசவத்துக்குப் போன உன் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். பெண் குழந்தை.

"மூணேகால் கிலோ. லிட்டர் வெயிட்டு, மாமா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜிலேபி வாங்கக் கிளம்பிவிட்டேன், மச்சான். இந்தத் தடவை யாரும் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்கள்.