கிளிக்கு மூச்சு வாங்கியது

கீழ்வேளூர்
12-3-1972

சிரஞ்சீவி நாணுவுக்கு அக்கா மதுரத்தின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். மூன்று பக்கக் கடிதத்தில் நீ அதைக் கேட்கவில்லை, உன் கிளியைத்தான் விசாரித்திருக்கிறாய். அதையே முதலில் எழுதுகிறேன்.

பத்து நாளாகக் கம்பியில் ஏற முடியாமல் கூண்டின் தரையிலேயே கிடந்தது. அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. கால்கள் நீலம் பாரித்தன. உன் உத்தரவுப்படி நாகப்பட்டினத்திலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தேன். குழாய் வைத்துப் பார்த்தவர், "இருதயக் கோளாறும்மா. முந்திரியும் கடலையுமா போட்டு, பறக்கவும் விடாம வச்சிருந்தா வேற என்ன ஆகும்?" என்றார்.

கூண்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நம் பண்ணையாள் தங்கையனின் பெண்சாதி அம்சம். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. வெரலெல்லாம் நீலமாப் போச்சு. நாலடி நடந்தா உக்காந்துருவாரு" என்றாள்.

போன தையில், தலையில் நெற்கட்டோடு வந்த தங்கையன் வரப்பில் உட்கார்ந்தபோது நீ என்ன சொன்னாய்? "கூடக் கூலி கேக்க மட்டும் மூச்சு இருக்கா? நடிக்கிறான்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் களத்தில் விழுந்து செத்தான். காரியத்துக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பிவிட்டு நீ பட்டணத்துக்கு ரயிலேறினாய். பெரிய மனசுதான்!

கிளி வெள்ளிக்கிழமை செத்தது. அம்சம்தான் கொல்லையில் குழி தோண்டினாள். தந்தி கொடுக்கவில்லை என்று கோபப்படாதே. தங்கையன் செத்ததற்கும் யாரும் எங்கும் தந்தி கொடுக்கவில்லை.

அடுத்து, அம்சத்தின் குடிசை நேற்றுப் போட்ட கொட்டகை, நம் மனையில் அவர்கள் குடியிருந்ததே இல்லை என்று தாசில்தாரிடம் சொல்லச் சொன்னாய். பொய் சொல்லவும் உனக்கு ஒரு விதவை அக்காள் வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். தங்கையனின் தகப்பன் காலத்திலிருந்து, நாற்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். புதுச் சட்டப்படி மனை அவள் பேருக்கே ஆகிவிடுமாம். அம்சம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்வாய். தெரியும். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

மாடியேறினால் இரைக்கிறது, கால் வீங்குகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். நம் அப்பா போனதும் அப்படித்தான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நாணு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாவது இன்றைக்கே டாக்டரிடம் போ. தீர்க்காயுசாக இரு.

உன் அக்காள்,
மதுரம்