ரோசாவை அடித்து ராஜன்

3.12.85, செவ்வாய்

காலையிலிருந்து பனிமூட்டம், தூறல். காபிப் பழம் பறித்து விரல் மரத்துவிட்டது. வீட்டில் தபால். சேலத்துக் காமிக்ஸ்காரரின் பதில். என் முதல் படக்கதையை எடுத்துக்கொள்கிறாராம். ஒரு நிபந்தனை. "துப்பறிகிறவள் பெண், அதிலும் பழம் பறிக்கும் கூலிக்காரி. எங்கள் வாசகர்கள் பையன்கள். பட்டணத்து இளைஞனாக மாற்றுங்கள். சனிக்கிழமை தபாலில் சேர்க்கவும்."

என் கதையில் தோட்டத்தில் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். கொன்றது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பக்கத்தில் பறிக்கிறவளுக்குத் தெரியாதது பட்டணத்தானுக்குத் தெரியுமாம். த்தூ.

ஒண்டிக்கடை பஜாரில், புத்தகம் வாடகைக்கு விடுகிறவரிடம் கேட்டேன். "பொம்பளை துப்பறியற கதை இருக்குதுங்களா?"

"பொம்பளைங்க கதையா? கடேசில கோலப் புஸ்தகத்தோட கெடக்கும், பாருங்க."

4.12, புதன்

வெயில். வேலைக்குப் போகுமுன் உட்கார்ந்து, கதையில் துப்பறியும் ரோசாவை அடித்து ராஜன் என்று எழுதினேன். சேலையை அடித்து பேன்ட். வேறொன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. அப்படியானால் நான் எழுதியிருந்தது பெண்ணையா, சேலை கட்டிய ஆணையா?

மேஸ்திரி டீக்குப் போனதும் வழக்கம்போல வாசிப்பு. நான் வாசிக்க, மற்றவர்கள் பறித்தபடியே ஆளுக்கொரு கைப் பழம் என் கூடையில் போடுவார்கள். கதை பிடிக்காவிட்டால் இலைதான் விழும். இன்று ராஜன் கதை. கூடை வழிந்தது.

சின்னப்பொண்ணு அக்கா: "பையன் நொம்ப ஷோக்கா இருக்கறான் கண்ணு. நீயே கட்டிக்க." வரிசை முழுக்கச் சிரிப்பு.

5.12, வியாழன்

வாங்க: மண்ணெண்ணெய், நீல மை, அம்மாவுக்கு இருமல் மருந்து.

இன்று பழைய பிரதியிலிருந்து ரோசா கதை. ஒருத்தியும் சிரிக்கவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் என் கூடையில் அடி தெரிகிறது. இலைகூட விழவில்லை. நம் பெண்களுக்கே நம் பெண் வேண்டாம். பிறகு காமிக்ஸ்காரரைத் திட்டி என்ன? யார் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. ராஜனை உறையில் போட்டு ஒட்டினேன்.

6.12, வெள்ளி

மேஸ்திரி வந்ததுமே கத்தல். "நேத்து கையில வாதமா? ஒருத்தி கூடையும் நெறையலியே!"

ஒருத்தி கூடையுமா? நேற்று என் கூடையை மட்டும்தான் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது சின்னப்பொண்ணு அக்கா நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஏங் கண்ணு, அந்த ரோசாப் புள்ள ரைட்டர் மூஞ்சிக்கு நேரா 'நீதான் கொன்னே'ன்னு சொல்லிப்போட்டு, எந்த வழியா ஊட்டுக்குப் போனா?"

"கதை அங்கியே முடிஞ்சிருச்சுங்க அக்கா."

"அதெப்பிடி முடியும்? அவன் ஆளுக வழியில நிக்கமாட்டாங்களா? ராத்திரி எனக்குத் தூக்கமே புடிக்கல, போ."

"ராஜன் எப்பிடிப் போனான்னு கேக்கலியே நீங்க?"

"அவனுக்கென்ன, ஆம்பளை. பஸ் ஏறிப் போயிருப்பான்."

7.12, சனி

மறுபடி தூறல். தபால் போய்விட்டது. உறை இங்கேயே. ராஜனை அனுப்ப மனமில்லை. ரோசாவை அனுப்பலாமென்றால் கடைசிப் பக்கம் பொய். ஒருத்தி வீட்டுக்குப் போவதைப் பையன்கள் காமிக்ஸில் யார் படம் போடுவார்? அதுதான் கதையா? தெரியவில்லை.

வேலை முடிந்ததும் ரைட்டர் ஆபீஸிலிருந்து எங்கள் லைன் வீடுகள் வரை தனியாக நடந்து பார்த்தேன், ரோசா போகும் வழி எதுவென்று. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் அதற்குள் இருட்டு. விளக்கு ஒன்றுகூட இல்லை. பாதி வழியில் பின்னால் யாரோ செருமினார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினேன்.