நாலு மணிக்கு வறுப்பேன்

அக். 2, வியாழன். விஜயதசமி

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு வரவில்லை. நேற்று ஆயுத பூஜைக்கு மேஜையில் ஏற்றியவற்றை எல்லாம் இறக்கினேன். அரிவாள்மணை, மிக்ஸி, இவருடைய லேப்டாப், என் காபிக்கொட்டை வறுக்கும் மெஷின்.

நல்ல நாள் என்று கால் கிலோ பச்சைக் கொட்டையைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். டிரம் சுற்றியது. மூன்று நிமிஷம் சூடு. அப்புறம் டக். சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை. ஹால், சமையலறை, பெட்ரூம், மூன்று பிளக்கிலும் போட்டுப் பார்த்தாயிற்று. கொட்டை பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை, வெளிறிக் கிடக்கிறது.

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்: "போறும்னு அதுவே சொல்றது."

அது சொல்லவில்லை, நீங்கள் சொல்கிறீர்கள். (மனதுக்குள். பண்டிகை நாளாயிற்றே.)

மீந்த சுண்டலே ராத்திரிக்கு.

அக். 3, வெள்ளி

தூறல். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தி. நகர் சர்வீஸ் சென்டர். டோக்கன் 31. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், எதிரே டிவியில் சத்தமில்லாமல் சமையல் நிகழ்ச்சி.

கவுண்டர் பெண்: "மேம், இந்த மாடலே இப்ப வர்றதில்ல. பார்ட்ஸ் கிடைக்காது. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க. ஆப் இருக்கு. ஃபோன்ல போட்டுட்டா நீங்க பக்கத்துல நிக்கவே வேணாம்."

பக்கத்தில் நிற்கத்தானே அம்மா வாங்கினேன்! முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுத்தேன். அதே முப்பது வருஷம் வீட்டில் யார் கூப்பிட்டாலும் "இதோ வந்தேன்". ரிடையரான பிறகு வாரத்தில் அரை மணி நேரம் இந்த மெஷின் முன்னால் நிற்கிறேன். கொட்டை பட்பட்டென்று வெடிக்க ஆரம்பித்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது, ஒரு நிமிஷம் தப்பினால் கரி. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போக மாட்டேன். போக வேண்டியதும் இல்லை. அதை ஃபோனிடம் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் நிற்பது?

புதுசு வேண்டாம் என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். தோள் வலி.

சாயங்காலம் லிஃப்டில் செ. (எங்கள் அபிராமபுரம் பிளாட் சங்கத்துச் செயலாளர் ராகவன், மூன்றாம் மாடி. நாங்கள் இரண்டாம் மாடி. வறுக்கிற புகை மேலே ஏறி அவர் வேஷ்டியில் வாசனை என்று ஆறு மாதமாகப் புகார்.) வாயெல்லாம் பல். "ரொம்ப தேங்க்ஸ் மாமி. சார் சொன்னார். இனிமே வறுக்கறதில்லைன்னு கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டார். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல படிச்சுடறேன், பிரச்னை முடிஞ்சது."

இரண்டாம் மாடியில் இறங்கி நேரே வீட்டுக்குள் போனேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"என்னைக் கேக்காம எப்படிப் போட்டேள்?"

"மெஷின்தான் போயிடுத்தே. எதுக்கு வீண் சண்டை? வீடு என் பேர்லதானே இருக்கு, என் கையெழுத்தே போறும்னார்."

"வீடு உங்க பேர்ல. மெஷின்?"

டிவி சத்தம் இரண்டு புள்ளி ஏறியது. கோபத்தில் அழுகை வந்தது, பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து ரசம் வைத்தேன். உப்புப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. போடவில்லையாம்.

அக். 4, சனி

வெயில். வாங்க: இவர் பிபி மாத்திரை, தோசை மாவு, ஆணி (பெருமாள் படம்).

வேலைக்கு வரும் சாந்தி சொன்ன இடத்துக்குப் போனேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, மிக்ஸி, குக்கர் ரிப்பேர் செய்கிற பாய் கடை. ஒரு ஆள் உட்காரலாம், இன்னொருவர் வந்தால் வெளியே நிற்க வேண்டும். நின்றேன்.

பாய் மெஷினைத் திருப்பினார். பின்பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சந்தனத்த அப்பி வெச்சிகீறே?"

"பூஜைக்குப் பொட்டு..."

"பொட்டா இது? கம்பி ஜாலி பூரா அடச்சிக்கினு கீது. இது மூச்சு வுட்ற எடம்மா. காத்து போவல, சூடு ஏறி உள்ள ஃபியூஸ் பூட்ச்சி. நம்ம கடைக்கும் ஆட்டோ ஸ்டேண்டுக்காரங்க வந்து பொட்டு வெப்பாங்க. வெளிய பாடில வெப்பாங்க, மூக்குலயா வெப்பாங்க?"

முன்பக்கம் ஸ்டீல், சந்தனம் வழுக்கியது. பின்னால் கம்பி வலையில் நன்றாகப் பிடித்தது. ஒன்பது பொட்டு, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். காற்றோட்டம், வெப்பக் கடத்தல் என்று போர்டு போர்டாக எழுதிப் போட்டவள் நான். என் பழைய மாணவர்கள் யாரும் அந்தச் சந்தில் இல்லாததற்குப் பெருமாளுக்கு நன்றி. இவரிடம் சொல்லப்போவதில்லை.

"சரியாகுமா பாய்?"

"கரண்ட் குக்கர்ல போட்ற ஃபியூஸ்தான். ஸ்டாக் இல்ல. திங்கக்கெழம வந்து எத்துக்கினு போ."

பார்ட்ஸே கிடையாதாம்! கவுண்டர் பெண்ணைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

அக். 5, ஞாயிறு

பத்து மணி, கார் நிறுத்துமிடத்தில் மீட்டிங். பிளாஸ்டிக் நாற்காலிகள். "நீ வர வேண்டாமே" என்றார் இவர். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

தண்ணி லாரி, வாட்ச்மேன் லீவு, அப்புறம் நாங்கள். செ. கடிதத்தைப் படித்தார். கீழ் வீட்டுக்காரர் கைகூடத் தட்டினார். எழுந்தேன்.

"அதுல கையெழுத்துப் போட்டவர் இன்னிவரைக்கும் ஒரு கொட்டை வறுத்ததில்லை. இனியும் வறுக்க மாட்டார், அதுக்கு நானே சாட்சி. வறுக்கறவ கையெழுத்துப் போடலை."

செ: "மாமி, புகை வரதே..."

"வரது. இல்லைங்கலை. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி. கொடில துணி இருந்தா சொல்லுங்கோ, நானே எடுத்து மடிச்சுத் தரேன். நாளைக்கு மெஷின் வரது. நாலு மணிக்கு வறுப்பேன்."

யாரோ சிரித்தார்கள். முதல் மாடி மைதிலி என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். செ. "ஓட்டுக்கு விடலாம்" என்றார். எதை? என் அடுப்படியையா? கேட்டேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

படியேறும்போது இவர்: "மானத்தை வாங்கிட்டே."

உங்களுடையதை. என்னுடையது என்னிடம்தான் இருக்கிறது. இதை மனதுக்குள் சொல்லவில்லை, உரக்கவே சொன்னேன்.

அக். 6, திங்கள்

மூட்டம். பதினொரு மணிக்கு மெஷின் கைக்கு வந்தது. வலை பளிச். பாய் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்திருக்கிறார்.

3.50க்கு மொட்டை மாடி. செ. வேஷ்டி இரண்டு, பனியன் மூன்று, காய்ந்துதான் இருந்தது. எடுத்து மடித்து அவர் வாசலில் வைத்தேன்.

4.00 ஸ்விட்ச். சூடு ஏறியது, நிலையாக நின்றது. புல் வாசனை, அப்புறம் ரொட்டி வாசனை. இவர் ஹாலில் பேப்பர், ஒரே பக்கம், திருப்பவே இல்லை.

4.11 முதல் வெடி. காலிங் பெல்லும் அப்போதே. கதவுக்கு வெளியே செ. குரல்: "மாமி! சார்! கொஞ்சம் வெளில வாங்கோ."

இவர் எழுந்தார். நான் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

கொட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினேன்: "ரெண்டு நிமிஷம் வாசல்லயே நில்லுங்கோ! வெடிச்சிண்டிருக்கு!"

நின்றார்.