புழுக்கம்

வீட்டுக்காரிக்கு,

எனக்காகச் சாப்பாடு எடுத்து வைக்காதே. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதான் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று ஒருவருக்குச் சவரம் செய்யக் குனிந்தேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, "முதலாளி, நீங்களே பண்ணிவிடுங்க" என்றார். முதலாளி என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வாய்ல வாடை வருது, பல் டாக்டரைப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஈறில் சீழாம், ரொம்ப நாளாகவே இருக்கிறதாம். பல் தேய்த்தால் ரத்தம் வருவதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். கடையில் இனி எனக்குத் துண்டு துவைக்கிற வேலைதான்.

வெடவெடக்கிற குளிரிலும் "புழுக்கமா இருக்கு" என்று ஜன்னலைத் திறந்து வைத்துப் படுப்பாயே. மரமண்டை நான், அதையும் நம்பினேன்.

குணமாகும்வரை கடையிலேயே படுத்துக்கொள்கிறேன். நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கு. குளிர் உனக்கு ஆகாது.

உன் வீட்டுக்காரன்