பத்தாம் நம்பர் பூட்ஸ்

டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹெல்விக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே நலம், முழங்கால்தான் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், சுகமில்லாவிட்டாலும் நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்துவிட்டாய். என் தம்பி பிள்ளை டுவேன் தானாக முன்வந்து ரேடியோ விளம்பரத்தில் பேசுகிறேன் என்கிறான், ஊர் ஜனம் நம் வேட்டைச் சாமான் கடைக்குத் திரும்பி வருகிறது, இந்த நேரம் பார்த்து வேண்டாம் என்று வீம்பு பிடிக்கிறாயே அம்மா என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

பனி இந்த வருஷம் நவம்பர் முதல் வாரமே இறங்கிவிட்டது. மான் வேட்டை சீசன் வழக்கம்போல பதினைந்தாம் தேதி தொடங்கியது, சுட்ட மானைத் தொங்கவிடக் கடை வாசலில் உன் அப்பா நட்ட கம்பத்தில் பத்தொன்பது மான் தொங்கியது. எல்லோரும் வந்தார்கள். என் தராசில் எடை போட்டார்கள், என் பலகையில் பெயர் எழுதச் சொன்னார்கள், நான் சுட்ட ஏலக்காய் ரொட்டியைத் தின்று நான் போட்ட காப்பியைக் குடித்தார்கள். பத்தொன்பது பேரில் என் கடைக் கோட்டு போட்டிருந்தவர்கள் மூன்று பேர், அந்த மூன்றும் உன் அப்பா கையால் விற்றவை. மற்றவர்களுடையது எல்லாம் அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்த சரக்கு. ஒருவன் முந்தின நாள்தான் பெட்டியில் வந்த ஸ்கோப்பைக் கொண்டுவந்து துப்பாக்கியில் மாட்டிக் குறி சரிபார்த்துக் கொடு என்றான். எங்கே வாங்கினாயோ அங்கே கேள் என்றேன். அவர்கள் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள் ஐலி, நீதான் இங்கே இருக்கிறாய் என்றான். இங்கே இருப்பதற்காக எனக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன், அவன் சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

உனக்கு இதெல்லாம் பழைய புலம்பல். ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பா இறந்த வருஷம் பூட்ஸ் கம்பெனிக்காரன் காரில் மாதிரிகளை ஏற்றிக்கொண்டு வந்து, முதலாளி இல்லையா என்று கடைக்குள் எட்டிப் பார்த்தான். நான்தான் என்றேன். ஆம்பளை யாராவது என்று இழுத்தான். ஒரு துப்பாக்கியை எடுத்து அவன் முன்னாலேயே பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டிக் காட்டினேன், எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, குளிர்காலம் முழுக்க ராத்திரி உணவுக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டது. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் அந்த மனுஷன் ஆகஸ்ட் தவறாமல் வந்தான், இறைச்சி வைத்து நான் சுட்ட பாஸ்டியைத் தின்றான். இப்போது அவனும் வருவதில்லை. கம்பெனியே வலைத்தளத்தில் நேராக விற்கிறது. எனக்குத் தருகிற மொத்த விலைக்கும் அவர்கள் அங்கே போடுகிற தள்ளுபடி விலைக்கும் நாலு டாலர்தான் வித்தியாசம். அதே விலைக்கு நானும் விற்றால் அந்த நாலு டாலரில் விளக்கு எரிய வேண்டும், ஹீட்டர் ஓட வேண்டும், நான் சாப்பிட வேண்டும். நெடுஞ்சாலையில் கரடி பொம்மை வைத்துத் திறந்தார்களே பெரிய கடை, அதுவும் போன மாசம் மூடிவிட்டார்கள். நான் சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் பட்டேன்.

இனிமேல் சொல்வதைக் கவனித்துப் படி. அக்டோபர் கடைசியில் டுவேன் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தான். உள்ளே கம்பளி உறை வைத்த குளிர்கால பூட்ஸ் வேண்டும் என்றான். உட்கார வைத்து, இந்த எழுபத்திரண்டு வயது முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, நானே மாட்டி நாடா கட்டிவிட்டேன். ரோட்டு வேலையிலிருந்து வந்தவன் மெல்லிசான பருத்தி சாக்ஸ் போட்டிருந்தான். பத்தாம் நம்பர் அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்தது. எழுந்து நடந்து பார்த்தான். இந்தக் கடையில் நாற்பது வருஷமாக அந்த பூட்ஸைப் போட்டுப் பார்த்த ஒவ்வொருவனுக்கும் நானோ அப்பாவோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோம், அசையாமல் உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கப் போகிறவன் இரண்டு கம்பளி சாக்ஸ் போடுவான், விரல் உள்ளே ஆடவேண்டும், ஒரு நம்பர் பெரிசாக எடு என்று. நீயே பத்து வயசில் நாற்காலியில் ஏறி நின்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்வாய். நான் சொல்ல வாய் திறந்தபோது அவன் போனை எடுத்துப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மாடல் நம்பர் சீட்டைப் போட்டோ எடுத்தான், வலைத்தளத்தில் அதையே வாங்க. மறைத்துக்கூட எடுக்கவில்லை, என் தலைக்கு மேலேயே எடுத்தான். நான் இன்னும் தரையில்தான் இருக்கிறேன், அவன் நாடா என் கையில் இருக்கிறது. நல்லா இருக்கு அத்தை, யோசிச்சுட்டு வர்றேன் என்றான். அதோடு விடவில்லை. முயல் வேட்டைக்கு ஒரு சின்னத் துப்பாக்கி ஆர்டர் போட்டிருக்கிறேன், சட்டப்படி லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் அனுப்புவார்களாம், உங்க கடைப் பேரைக் குடுத்துட்டேன் அத்தை, வந்ததும் கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுத்துடுங்க என்றான். அதற்கு எனக்கு இருபத்தைந்து டாலர். அவன் பிறந்தபோது முதலில் தூக்கியவள் நான்.

நான் வாயை மூடிக்கொண்டேன், ஹெல்வி. மறந்துபோய் இல்லை. தெரிந்தேதான் மூடிக்கொண்டேன். வலைத்தளம் சொல்லட்டுமே, அதற்குத்தானே காசு கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். பூட்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, மெல்லிசுத் தாளை மடித்து மூடினேன். அவன் போன பிறகு ஐந்து நிமிஷம் எனக்கு நன்றாகவே இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சீசன் முதல் நாள் விடிகாலை பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. உன் அப்பா உட்காரும் அதே மேட்டில் டுவேன் இருட்டிலேயே போய் உட்கார்ந்து பொழுது சாயும்வரை எழவில்லை. வலைத்தளத்தில் வாங்கிய பத்தாம் நம்பர் பூட்ஸ், அதற்குள் இரண்டு கம்பளி சாக்ஸ். இறுக்கத்தில் ரத்தம் ஓடவில்லை. மத்தியானமே விரல் மரத்துவிட்டது, சரியாகிவிடும் என்று இருந்திருக்கிறான். வேட்டைக் குடிசைக்கு வந்து கழற்றினால் இடது காலில் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமே, வேர்க்க உட்காரும் சௌனா அறையை மூட்டினார்கள். நம் பிள்ளைகளுக்குச் சளி என்றாலும் சௌனா, சாவு என்றாலும் சௌனா. அடுப்புப் பக்கம் காலை நீட்டி வைத்தான், உணர்ச்சியில்லாத கால் வெந்தது தெரியவில்லை. பாதிக் கெடுதல் அந்தச் சூட்டால் வந்தது என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பாதியின் பின்னால் நான் போய் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். இடது காலால் கிளட்ச் மிதிக்கிறவன், இந்தக் குளிர்காலம் பனி தள்ளும் லாரியில் ஏற முடியாது, ஆபீசில் போன் எடுக்க உட்கார வைத்திருக்கிறார்கள்.

அவன் என்ன செய்தான் தெரியுமா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்க வந்தவர்களிடமெல்லாம், நாற்பது டாலருக்கு ஆசைப்பட்டேன், அத்தைகிட்டயே வாங்கியிருந்தா விரல் இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறான். மாதா கோயிலில் சொல்லியிருக்கிறார்கள், சாராயக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் கடையில் கூட்டம். பத்து நாளில் இருபத்திரண்டு ஜோடி பூட்ஸ் விற்றேன், போன வருஷம் முழுக்க விற்றதைவிட அதிகம். வருகிறவன் ஒவ்வொருவனும் காலை நீட்டிக்கொண்டு, நீ சொல்கிற நம்பர்தான் ஐலி, டுவேன் கதை ஆகிவிடக்கூடாது என்கிறான். பத்து வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அந்த வார்த்தை. நீ போனில் சந்தோஷப்பட்டாயே, அது இந்தச் சந்தோஷம்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் ரசீது போடும்போது எனக்கு அந்தக் கால்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

போன சனிக்கிழமை அவனே ஊன்றுகோல் வைத்துக்கொண்டு வந்தான், அவன் பெண்டாட்டி ரோண்டா வெளியே காரில் இருந்தாள். ரேடியோக்காரனிடம் பேசிவிட்டானாம், சும்மாவே போடுகிறார்களாம். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, உங்க வியாபாரத்துல நான் மூணு விரல் முதல் போட்டிருக்கேன் அத்தை, லாபத்துல பங்கு குடுங்க என்று சிரித்தான். உன் தாத்தா சிரிப்பு அது, உனக்குத் தெரியும். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. விளம்பரம் கிடையாது என்றேன். ஏன் என்றான். அக்டோபர்ல நீ அந்த பூட்ஸைப் போட்டுப் பார்த்தப்பவே அது உனக்குச் சின்னதுன்னு எனக்குத் தெரியும்டா, நீ போட்டோ எடுத்ததைப் பார்த்தேன், அதனால சொல்லல என்றேன். அவன் சிரிப்பு உடனே போகவில்லை, முகத்தில் அது பாட்டுக்கு இருந்தது. எல்லாருக்கும் சொல்லுவீங்களே அத்தை என்றான். சொல்லுவேன் என்றேன். எனக்குச் சொல்லல என்றான். நீ என்கிட்ட வாங்கல என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று நீ நினைப்பாய். அதுதான் உண்மை, அதனால் சொன்னேன். அவன் காலை ஸ்டூலிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தான். ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவனே எடுத்துக்கொண்டான். கதவு மணி அடித்தது, போய்விட்டான். ஊரில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. இன்றைக்கும் இரண்டு பேர் வந்து அவன் பேரைச் சொல்லித்தான் பூட்ஸ் வாங்கினார்கள். ஊரைக் கூட்டித் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

நான் அழவில்லை, கெஞ்சவும் போகவில்லை. என் தலைக்கு மேல் அவன் போட்டோ எடுத்தது தப்பு, இன்றைக்கும் அது தப்புதான். நான் செய்தது வேறொரு தப்பு. அதற்கு விரல் போனது அவனுக்கு. இப்போது கடைக்கு வந்து பூட்ஸ் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் முதலில் இரண்டு கம்பளி சாக்ஸை நானே மாட்டிவிடுகிறேன், அப்புறம்தான் பூட்ஸ். அவன் போட்டோ எடுக்கட்டும், எடுக்காமல் போகட்டும், எங்கே வேண்டுமானாலும் வாங்கட்டும், சரியான நம்பரோடு வெளியே போகட்டும். வசந்தத்தில் கடையை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். வர மாட்டேன். சரக்கு தீர்ந்து கடை தானாக மூடினால் அது வேறு விஷயம். இப்போது விற்றால், டுவேன் காலை வைத்துக் கடைசி லாபம் பார்த்துக்கொண்டு ஐலி ஓடிப்போனாள் என்று ஆகும். ஊருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும்.

நேற்று லாரிக்காரன் ஒரு நீளப் பெட்டியை இறக்கிவிட்டுப் போனான். மேலே டுவேன் பெயர், அந்த முயல் துப்பாக்கி. கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இதை ரோண்டா வந்து வாங்க முடியாது, நான் கொண்டுபோயும் கொடுக்க முடியாது. சட்டம் அப்படி. அவனேதான் வரவேண்டும், என் முன்னால் நின்று அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருஷமாக நான் திட்டாத நாளில்லாத சட்டம் அது. பெட்டி பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸும் எடுத்து வைத்திருக்கிறேன், பதினோராம் நம்பர். இடது பூட்ஸுக்குள் விரல் இல்லாத இடம் எவ்வளவு இருக்கும் என்று பார்க்காமல் கம்பளி வைத்துத் தைக்க முடியாது, அவன் உட்கார்ந்து காலை நீட்டினால்தான் அளக்க முடியும். நீட்டுவானோ மாட்டானோ. நீட்டாவிட்டாலும் துப்பாக்கியைக் கொடுப்பேன், இருபத்தைந்து டாலரும் வாங்குவேன், தம்பி பிள்ளை என்று குறைக்க மாட்டேன். குறைத்தால் அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வான்.

பிள்ளைகளுக்கு என் முத்தம், மாப்பிள்ளை முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றச் சொல். கடவுள் உங்கள் எல்லோரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். பேரனுக்கு ஷூ வாங்கும்போது கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, நிற்க வைத்து நுனியில் உன் கட்டைவிரலால் அழுத்திப் பார். கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பெட்டியில் எதுவும் அனுப்பாதே, வந்தால் திருப்பி அனுப்புவேன். டுவேன் உன்னைப் போனில் கூப்பிட்டால் எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் பேசாதே. கூப்பிட்டால், அவன் பெட்டி வந்துவிட்டது, கடை ஆறு மணி வரை திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
ஐலி